பெரிய கோயிலும் பெரிய மினாராவும்



கடந்த விடுமுறையில் குடும்பத்துடன் தஞ்சை சென்றோம். அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர்காலச் செப்புத் திருமேனிகளையும், இரண்டாம் சரபோஜி மன்னர் பேணி வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தையும் கண்டோம். 1010இல் இராசராசன் எழுப்பிய பெரிய கோயிலின் விமானத்தை வீதியில் நின்று அண்ணாந்து பார்த்த எம் மகன், "அத்தா, இந்த மண்ணில் நமக்கென்று என்ன இருக்கிறது என்று வகுப்பில் ஒருவன் கேட்டான்" என்றான். அவன் குரல் தழுதழுத்தது. எமக்கு உடனே விடை வரவில்லை.

லுஹர் தொழுதபின், நெல்வயல்களினூடே நாகூருக்குப் பயணமானோம். தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் காட்டி, "இதைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்" என்றோம்.

மகன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர், "அப்படியானால் அந்தக் கோயிலும் நம் ஊர்க் கோயில்தானே?" என்றான். வணக்கம் அல்லாஹ் ஒருவனுக்கே. ஊரோ எல்லோருக்கும் உரியது என்றோம்.

மஃரிபுக்குப் பின் சூடான நாகூர் வாடாவைப் பகிர்ந்துண்டோம். பள்ளி திறந்ததும் அந்த நண்பனுக்கு மினாராவின் கதையைச் சொல்லப்போவதாக மகன் கூறினான். நம் பிள்ளைகள் இம்மண்ணில் தலைநிமிர்ந்து வாழ அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.