கேள்ஷி ரோடும் "உத்யா யா"வும்

தாபோளிக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மராத்தியில் நான் தப்பில்லாமல் சொல்கிற ஒரே வாக்கியம் "உத்யா யா". நாளைக்கு வாங்க என்று அர்த்தம். பேங்க்காரனுக்கு இது போதும் :-)

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேள்ஷி பீச்சுக்குப் போகலாம் என்றார் தங்கமணி. 30, 35 கிலோமீட்டர்தானே, முக்கால் மணி நேரத்தில் போயிடலாம் என்று பீற்றிக்கொண்டு கிளம்பினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது.

கொங்கண் பக்கம் வராதவர்களுக்காக: கடற்கரைக் கிராமங்களுக்குப் போகும் ரோடு பல இடங்களில் ஒரு வண்டி அகலம்தான். பக்கத்தில் செம்புராங்கல் சுவர். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டுகிற மழையில் தார் ஓரம் அரித்துப் போயிருக்கும். சக்கரம் இறங்கினால் அரையடிப் பள்ளம். வளைவுக்கு வளைவு ஹாரன். மேடேறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில், யாருக்குப் பின்னால் ஒதுங்க இடம் பக்கமோ அவர் ரிவர்ஸ் எடுக்கிறார். எஸ்.டி. பஸ்ஸுக்காக மூன்று தடவை எடுத்தேன். மூன்றாவது தடவை தங்கமணி கண்ணை மூடிக்கொண்டார்.

பீச்சில் தண்ணீர் வடிந்திருந்தது. ஈர மணல் சிமெண்ட் தரை மாதிரி தெரிந்தது. ஏற்கெனவே ஒரு ஜீப் போன தடம் வேறு. "அப்பா, நாமளும் போலாம்ப்பா" என்றாள் மகள். இறக்கினேன். போட்டோ எடுக்க நிறுத்தினதுதான் தப்பு. திரும்பக் கிளப்பினால் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, சக்கரம் தனக்கே குழி தோண்டிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் அலை பக்கத்தில் வந்திருந்தது. போனில் சிக்னல் இல்லை. மகள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த நாலு பேர் ஓடி வந்தார்கள். டயர்களில் பாதிக் காற்றை இறக்கினார்கள். முன் சக்கரத்து மணலைக் கையாலேயே வாரி, தென்னை மட்டைகளைத் திணித்தார்கள். "சாவகாஷ், சாஹேப்", மெதுவாக என்று சொல்லித் தள்ளினார்கள். பின் பம்பரைத் தண்ணீர் தொட்டபோது வண்டி ஏறியது.

பர்ஸை எடுத்தேன். பெரியவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

"தாபோளி பேங்க் சாஹேப்தானே? கார்டுக்காக மூணு தடவை வந்தேன். மூணு தடவையும் உத்யா யா."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கிசான் கிரெடிட் கார்டை 2018-19 பட்ஜெட்டில் மீனவர்களுக்கும் நீட்டித்தார்கள். அதற்குத்தான் வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அதே ரோடு, அதே பஸ், ஒருநாள் கடலுக்குப் போகாத நஷ்டம். என் முகம் எங்கே போனது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை ஃபைலை எடுத்துப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒவ்வொரு காகிதம் கேட்டிருக்கிறோம். மூன்றையும் முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்கலாம். இப்போது என் டேபிளில் மராத்தியில் ஒரு சீட்டு இருக்கிறது, என்னென்ன வேண்டும் என்று. வருகிறவர் கையில் முதலில் அதைக் கொடுத்துவிடுகிறேன்.

பி.கு: மணலில் வண்டியை இறக்காதீர்கள். இறக்கித் தொலைத்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். வீடு வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு தின்றுவிடும்.