கேம் ஆடினால் மட்டும் அணையும் கம்ப்யூட்டர்

டைப் அடித்தால் ஒன்றுமில்லை. பாட்டு கேட்டாலும் ஒழுங்காகத்தான் ஓடும். கேமைத் திறந்து கால்மணி நேரம் ஆனதும் பொசுக்கென்று அணைந்துவிடும். உடனே 'வைரஸ்தான்' என்று தீர்ப்பு! விண்டோஸை ஃபார்மட் செய்வார்கள். காலேஜ் ப்ராஜெக்ட், அக்கா கல்யாண போட்டோ எல்லாம் போய்விடும். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

கேம் ஓடும்போது சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் முழுமூச்சாக உழைக்கின்றன. கரண்ட்டும் அதிகம் இழுக்கும், சூடும் ஏறும். தஞ்சாவூர்ச் சித்திரை வெயிலோ 38, 40 டிகிரி. உள்ளே போகும் காற்றே சூடு என்றால் ஃபேன் என்ன செய்யும், பாவம்? போதாததற்கு தை, மாசியில் சம்பா அறுவடைத் தூசு வேறு. ஹீட்சிங்க் இடுக்குகளில் அது பஞ்சு மாதிரி அடைத்துக்கொண்டால் சூடு வெளியேற வழியே இல்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் தட்டி எடுப்பதுதான் முதல் வைத்தியம். செலவு பூஜ்யம்.

சுத்தம் செய்தும் அணைகிறதா? சூட்டைக் காட்டும் இலவச சாஃப்ட்வேர்கள் உண்டு. சிபியு, கிராபிக்ஸ் கார்டு இரண்டும் 60, 70 டிகிரியில் இருக்கும்போதே அணைந்தால் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல் போக வேண்டும். மலிவான கேபினெட்டோடு வரும் பெட்டிகளில் ஸ்டிக்கரில் உள்ள வாட்ஸ் முழுதாகக் கிடைப்பது அபூர்வம். (அதைத் திறந்து மட்டும் பார்க்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும்.) அணையாமல் நீலத்திரை வந்தால் ராமை மெம்டெஸ்ட்86 போட்டு சோதிக்கலாம். 2000-களின் தொடக்கத்து மதர்போர்டு என்றால் கெபாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா என்றும் பார்க்கவும். உலகம் முழுக்க அந்தக் காலத்து போர்டுகளுக்கு வந்த வியாதி அது.

புது கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் கட்டும் முன், நண்பரிடம் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை ஒரு சாயங்காலத்துக்கு இரவல் வாங்கி மாட்டிப் பார்க்கலாம்.