தார்ப்பாய்க்குள்ள தூங்குது ஒரு கான்டெசா!

கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜ் படிக்கிற மக்களுக்கு லீவுன்னா ரெண்டே ரூட்தான். ஒண்ணு மதுரை, இன்னொண்ணு குற்றாலம். குற்றாலம் போற வழியில வர்ற ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் பஸ் ஜன்னல் வழியா ஒரு டாட்டா... அவ்வளவுதான்! இந்த வாரம் கொஞ்சம் கீழே இறங்குங்க பாஸ். உங்களுக்கு ரெண்டு கார் காட்டணும்.

முதல் கார் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கு. ஆண்டாள் கோயில் தேர்! சிரிக்காதீங்க. நம்ம ஊர்கள்ல ரத வீதிக்கு இங்கிலீஷ்ல 'கார் ஸ்ட்ரீட்'னுதானே பேரு? தமிழ்நாடு அரசு முத்திரையில இருக்கிற அந்த பதினோரு நிலை கோபுரத்தை அண்ணாந்து பார்த்துட்டு, அப்படியே தேர் நிக்கிற இடத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. வருஷம் முழுக்க அசையாம நிக்கிற இந்த வண்டி, ஆடிப்பூரத்துக்கு ஊரே வடம் பிடிக்க வீதியைச் சுத்தி வரும். அதுக்கு முன்னாடி சக்கரம், அச்சு, மரச்சட்டம்னு எல்லாத்தையும் சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் வடத்தையே தொடுவாங்க. 'நின்ன வண்டியை எடுத்ததும் ஓட்டக்கூடாது'ங்கறதுதான் இங்கே நாம படிக்கிற முதல் பாடம். மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

சுடச்சுட பால்கோவா ஒரு பொட்டலம் வாங்கிட்டீங்களா? 2019-ல புவிசார் குறியீடு வாங்கின ஐட்டம், விட்டுடாதீங்க. இப்போ பஸ் ஏறுங்க. 12 கிலோமீட்டர்ல ராஜபாளையம்.

வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். 1936-ல பி.ஏ.சி.ராமசாமி ராஜா இங்கே மில் ஆரம்பிச்சதுலேர்ந்து பஞ்சும் நூலுமா வளர்ந்த ஊர் இது. மில்லு, குடோன், பெரிய பெரிய காம்பவுண்டு வீடுகள்... இந்த மாதிரி ஊர்ல ஒரு காலத்துல கார் வாங்கினவங்க அதை விக்க மனசில்லாம ஷெட்டுல விட்டு வெச்சிருப்பாங்க. பஞ்சு மார்க்கெட்டுலேர்ந்து கொஞ்ச தூரம் நடந்தா வர்ற ஒரு நண்பர் வீட்டுலதான் நம்ம ரெண்டாவது கார். முதல்ல வாசல்ல வெள்ளை வெளேர்னு, ரோஸ் கலர் மூக்கோட நிக்கிற ராஜபாளையத்துக்காரரை சமாளிக்கணும். ஆமா, நாய்தான். அவர் ஓகே சொன்னாத்தான் ஷெட்டு பக்கமே போக முடியும்!

தார்ப்பாயைத் தூக்கினா... கான்டெசா! 1.8 பெட்ரோல். நண்பரோட தாத்தா ஆசையா வாங்கினது. 2007-லேர்ந்து நகரவே இல்லை. தாத்தா இப்போ இல்லை. தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். காயலான் கடைக்காரர் வந்து பார்த்துட்டு, "கிலோ கணக்குதான் தம்பி, திங்கக்கிழமை வண்டி அனுப்பறேன்"னு சொல்லிட்டுப் போயிருக்கார். அப்பாவும் கிட்டத்தட்ட சரின்னு தலையாட்டிட்டார். கையில இருக்கிறது ரெண்டே நாள். இந்தக் காருக்கு உண்மையிலேயே என்ன விலை?

கொஞ்சம் ஹிஸ்டரி. சாதாரண சைஸ் பாடியில ராட்சச இன்ஜினைத் திணிச்சா அது 'மஸில் கார்'. 1964-ல வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வுல 6.4 லிட்டர் வி-8 இன்ஜின். நம்மாளு கதையே தலைகீழ்! இங்கிலாந்தோட வாக்ஸ்ஹால் கார் பாடியை வெச்சு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல கான்டெசாவை இறக்கினப்போ, உள்ளே இருந்தது அம்பாஸிடரோட அதே 1.5 லிட்டர் இன்ஜின். பயில்வான் உடம்புக்குள்ள பால்வாடி இன்ஜின்! அப்புறம்தான் ஜப்பானோட இசுசு 1.8 லிட்டர் வந்து மானத்தைக் காப்பாத்துச்சு. 2002-ல தயாரிப்பே நின்னு போச்சு. ஆனாலும் அந்த நீளமான பானெட்டையும் அகலமான முகத்தையும் பார்த்து, 'இந்தியாவோட மஸில் கார்'னு ரசிகர்கள் பட்டம் கொடுத்துட்டாங்க. அதிலேயும் 1.8 பெட்ரோலுக்குத்தான் கிராக்கி.

சரி, மதிப்பு போடலாம் வாங்க. தென்காசி ரோட்டுப் பக்கம் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கிற ஒரு மெக்கானிக் அண்ணாச்சியும் துணைக்கு வந்தார். நண்பர் ஆர்வக்கோளாறுல சாவியை எடுத்ததும் அண்ணாச்சி போட்டாரே ஒரு சத்தம்... "சாவியைத் தொடாதீங்க தம்பி! முதல்ல பேப்பரைக் கொண்டாங்க."

ஆமா, விலை ஆரம்பிக்கிறதே ஆர்.சி. புக்லதான். சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில இருக்கிறதோட ஒத்துப் போகுதா? நடுவுல டீசல் இன்ஜின் மாத்தியிருந்தா அது ஆர்.சி.யில ஏறியிருக்கா? உரிமையாளர் இறந்துட்டா வாரிசு பேருக்கு மாத்த படிவம் 31. பதினஞ்சு வருஷம் முடிஞ்சா அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். அதுக்கான கட்டணம் 2022 ஏப்ரல்ல 600 ரூபாயிலேர்ந்து 5,000 ஆச்சு. இருபது வயசைத் தாண்டின கார்களுக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆயிடுச்சு. விட்டுப்போன வருஷங்களுக்கான பாக்கி தனி. பேப்பர் இல்லாத கான்டெசா, எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் ஸ்பேர் பார்ட்ஸ் மூட்டைதான்.

அடுத்தது துரு. ஒரு சின்ன காந்தத்தை கர்ச்சீப்புல சுத்தி பாடி மேல ஓட்டுங்க. ஒட்டாத இடத்துல தகரத்துக்குப் பதிலா பட்டிதான் இருக்குன்னு அர்த்தம். கதவுக்குக் கீழே, சக்கர வளைவு, மேட்டுக்கு அடியில ஃப்ளோர், டிக்கியில ஸ்டெப்னி இருக்கிற பள்ளம்... இந்த நாலு இடத்தைப் பார்த்தாலே ஜாதகம் தெரிஞ்சிடும். கடற்கரை ஊர் மாதிரி உப்புக்காத்து இங்கே இல்லைங்கறது ராஜபாளையம் காருக்குப் பெரிய பிளஸ். ஆனா குடோன் எலி இருக்கே... நம்ம கான்டெசாவோட ஒயரிங் பாதியை அதுங்க டின்னர் சாப்பிட்டிருந்தது!

இன்ஜின்? ஸ்பார்க் பிளக்குகளைக் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலேயும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊற விடணும். மறுநாள் ஸ்பானர் போட்டு கையால சுத்திப் பார்க்கணும். சுத்தினா உயிர் இருக்கு. காய்ஞ்சு கிடக்கிற சிலிண்டர்ல நேரா செல்ஃப் அடிச்சா, நல்லா இருக்கிற இன்ஜினும் கீறல் விழுந்து கெட்டுடும். தேர் விஷயத்துல படிச்சோமே, அதே பாடம்! டேங்க்ல பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஆகியிருக்கும். பிரேக் ஜாம் ஆகியிருக்கும். டயர் எவ்வளவு புதுசா தெரிஞ்சாலும் பக்கவாட்டுல இருக்கிற நாலு இலக்க எண்ணைப் பாருங்க. '2306'னா 2006-ம் வருஷம், 23-வது வாரம். பாட்டி டயர்!

கடைசியா, என்னென்ன காணோம்னு லிஸ்ட் போடுங்க. மெக்கானிக்கல் பார்ட்ஸைக் கூட எப்படியாவது தேத்திடலாம். கிரில், எம்பளம், டெயில் லேம்ப், கண்ணாடி... இதெல்லாம் சென்னை புதுப்பேட்டையில சல்லடை போட்டாலும் சிக்குறது கஷ்டம். நம்ம காருல ஒரு வீல் கப் தவிர எல்லாமே ஒரிஜினல்!

இப்போ கணக்கு. விளம்பரத்துல கேக்குற விலையை நம்பாதீங்க, உண்மையில கைமாறின விலையை நாலு பேர்கிட்ட விசாரிங்க. ஒரு பேச்சுக்கு, நல்லா ஓடற கான்டெசா 5 லட்சத்துக்குப் போகுதுன்னு வெச்சுக்குவோம். டிங்கரிங், பெயின்ட் ஒன்றரை லட்சம், இன்ஜின், பிரேக் 80 ஆயிரம், டயர், பேட்டரி, ஒயரிங் 60 ஆயிரம், பேப்பர் செலவு 30 ஆயிரம். மொத்தம் 3.2 லட்சம். மிச்சம் 1.8 லட்சம். பிரிச்சா இன்னும் என்ன பூதம் கிளம்புமோன்னு ஒரு 50 ஆயிரம் தள்ளுங்க. 1.3 லட்சம். இதுதான் நிக்கிற நிலையில காரோட மதிப்பு. அதே கார் காயலான் கடைக்குப் போனா? 1,100 கிலோ, கிலோ 30 ரூபாய்னாலும் 33 ஆயிரம்தான்!

ஆனா ஒண்ணு. ஃப்ளோர் முழுக்க துருவேறி, டிங்கரிங் செலவு மட்டுமே மூணு லட்சம் ஆகும்னா, இந்தக் கணக்கு மைனஸ்ல போயிடும். அப்போ காயலான் கடைக்காரர் சொல்றதுதான் நியாயம். அப்பவும் பார்ட்ஸைத் தனியா வித்துட்டு, ஆர்.சி.யை முறைப்படி கேன்சல் பண்ணிட்டுத்தான் பாடியைக் கொடுக்கணும்.

'வின்டேஜ்னு சொல்லி கோடில விக்கலாமே'ன்னு ஒரு குரூப் கிளம்பும். 2021-ல வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவுலேர்ந்து 50 வருஷம் தாண்டி, ஒரிஜினல் வடிவம் மாறாம இருக்கிற வண்டிதான் வின்டேஜ். முதல் கான்டெசாவுக்கே 2034-லதான் அந்த யோகம். வின்டேஜ் நம்பர் வாங்கிட்டா தினமும் ஓட்டவும் முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர்... அதுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். கிட்டத்தட்ட தேர் கணக்குதான்!

நம்ம நண்பர் கதை என்ன ஆச்சு? ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிராங்க் மெதுவா ஒரு சுத்து சுத்துச்சு. அண்ணாச்சி முகத்துல சிரிப்பு. ஃப்ளோர்ல ரெண்டு இடத்துல மட்டும்தான் ஓட்டை. நண்பர் பிளஸ், மைனஸ் ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதி அப்பாகிட்ட நீட்டினார். அவர் ரெண்டு தடவை படிச்சுட்டு, காயலான் கடைக்காரருக்குப் போன் போட்டு, "அண்ணே, நாளைக்கு வண்டி அனுப்ப வேணாம்"னார். ஃபீஸுக்காக விக்கத்தான் போறாங்க. ஆனா கிலோ கணக்குல இல்லை, கார் கணக்குல!

உங்க ஊர்லயும் ஏதாவது ஒரு தாத்தா வீட்டு ஷெட்டுல பியட்டோ, ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ தூங்கிட்டிருக்கலாம். அடுத்த லீவுக்குப் போறப்போ ஒரு காந்தம், ஒரு டார்ச் லைட், ஒரு நோட்டு... மூணும் பையில இருக்கட்டும். நாய்க்குக் கொஞ்சம் பிஸ்கட்டும்!