உங்களைத் தெரிந்தவர் யார்?

இரண்டாம் ஆண்டு, முதுகலைப் பொருளியல்

பட்டம் பெற்று வெளியேறும் நாள் நெருங்க நெருங்க நம் வகுப்பறைகளில் பேச்சு மாறிவிடுகிறது. பருவத் தேர்வைப் பற்றிய கவலை பின்னுக்குப் போய், “வேலைக்கு யாரைப் பிடிப்பது?” என்ற கவலை முன்னால் வந்து நிற்கிறது. ஆள் இருந்தால்தான் வேலை என்பது நம் ஊரில் பழமொழி போலவே வழங்குகிறது. நம்மில் பெரும்பாலோர் வீட்டின் முதற் பட்டதாரிகள். தந்தை பட்டறையிலும் தாய் தையல் கூடத்திலும் உழைத்து நம்மை இங்கே அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் பிடிக்கக்கூடிய ‘ஆள்’ யார்?

இக்கேள்வி எனக்கும் எழுந்தது. இளங்கலை முடித்தபின் ஓராண்டு வேலை தேடி, ஏழு நேர்காணல்களுக்குச் சென்று, பின் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பத்து மாதம் பணியாற்றிவிட்டு மீண்டும் இக்கல்லூரிக்கே படிக்க வந்தவள் நான். அந்நாட்களில் கண்டவற்றுள் பிறருக்குப் பயன்படும் என்று தோன்றுவனவற்றை இங்கே எழுதுகிறேன். அறிவுரை கூறும் வயதோ தகுதியோ எனக்கில்லை. முன்னே நடந்து சென்றவள், வழியில் மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று பின்னே வருபவர்களுக்குச் சொல்வதுபோல் இதைக் கொள்ளுங்கள்.

நற்சான்று

பெரும்பாலான விண்ணப்பப் படிவங்களில் ஓர் இடம் உண்டு. உங்களை நன்கறிந்த, உறவினர் அல்லாத இருவரின் பெயரும் முகவரியும் தருக என்று கேட்டிருப்பார்கள். என் தந்தை அதைப் படித்ததும், அரை நாள் கூலியை விட்டுவிட்டு, எங்கள் பகுதியின் பெரிய மனிதர் ஒருவரிடம் போய் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்கி வந்தார். “இப்பெண்ணைச் சிறு வயது முதலே நான் அறிவேன். நற்குணமும் நன்னடத்தையும் உடையவர்” என்று அதில் இருந்தது. அப்பெரியவர் என்னை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பெயரை மாற்றினால் அக்கடிதம் எங்கள் தெருவில் யாருக்கும் பொருந்தும்.

அந்தக் கடிதத்தைப் பத்திரமாகக் கோப்பில் வைத்துவிட்டு, படிவத்தில் வேறு இரண்டு பெயர்களை எழுதினேன். ஒருவர் எங்கள் துறைப் பேராசிரியை. இறுதியாண்டு ஆய்வுக்காக நாற்பது நெசவாளர் குடும்பங்களில் நான் எடுத்த கணக்கெடுப்பை அவர்தான் மேற்பார்த்தார். என் அட்டவணைகளை மூன்று முறை திருப்பியனுப்பியவரும் அவரே. மற்றவர், இரண்டு ஆண்டுகள் மாலை வேளைகளில் நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையின் உரிமையாளர். “ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னா எவன் கேப்பான் கண்ணு?” என்றார் அப்பா. இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவும் இல்லை. அவருடைய வருத்தம் எனக்குப் புரிந்தது. தன்னால் மகளுக்குத் தர முடிந்த ஒன்றே ஒன்றை அவர் தேடிக் கொண்டுவந்திருந்தார்.

ஏற்றுமதி நிறுவனத்திலிருந்து கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர் சொன்னதை நான் வேலையில் சேர்ந்த பிறகு மேலாளரே எனக்குச் சொன்னார்: “கல்லாவுல அஞ்சு ரூவா கூட இருந்தாலும், அது எப்படி வந்துச்சுன்னு பார்த்துட்டுத்தான் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகும்.” கணக்கெழுத ஆள் தேடியவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

ஆகவே நண்பர்களே, கையெழுத்திடுபவரின் பதவியைப் பார்த்து நற்சான்று தேடாதீர்கள். உங்கள் வேலையைக் கண்ணால் கண்டவரைத் தேடுங்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நீங்கள் சமையல் கணக்குப் பார்த்ததைக் கண்டவர், விடுமுறையில் நீங்கள் நின்ற துணிக்கடையின் மேற்பார்வையாளர், நூலகத்தில் உங்களோடு புத்தகம் அடுக்கிய நூலகர் ஆகியோர் யாவரும் தகுதியான சாட்சிகளே. அவர்கள் பெயரைத் தருமுன் அனுமதி கேளுங்கள். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அங்கே என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லி வையுங்கள். கடைசி நாளின் முந்தின மாலையில் ஓடாமல், பத்து நாள் அவகாசம் கொடுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான விண்ணப்பம். ‘நன்னடத்தை உடையவர்’ என்ற வழக்கமான வரிக்குக் கீழே, அம்மாணவர் செய்ததாகத் தாங்கள் கண்ட ஒரு செயலையும் சேர்த்து எழுதுங்கள். அவரைத் தங்களுக்கு அதிகம் தெரியாதென்றால் அதையும் அன்போடு சொல்லி, தெரிந்தவரிடம் அனுப்பி வையுங்கள். அதுவும் ஓர் உதவியே.

இங்கே சிபாரிசு வேறு, தகவல் வேறு என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறைப் பழக்கமுள்ளவர்கள் வழியாகவே பெரிதும் வந்து சேர்கிறது என்று காட்டியது. காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். எனக்கு அந்த நிறுவனத்தின் காலியிடத்தைச் சொன்னவர், பேருந்து நிலையத்தில் தற்செயலாகச் சந்தித்த மூத்த மாணவி ஒருவர். செய்தி கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை.

நேர்காணல்

மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும், கெசட் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் நீக்கப்பட்டது. ஆனால் தனியார் நிறுவனத்தின் வாசலை நேர்காணல் இல்லாமல் கடக்க முடியாது. நான் சென்ற ஏழு இடங்களில் ஐந்தில் முதற் கேள்வியோ இரண்டாம் கேள்வியோ ஒன்றாகவே இருந்தது: “அப்பா என்னம்மா செய்யறாரு?”

இது வெறும் உபசாரக் கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன். 2007இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ இதழில் வெளிவந்த ஆய்வுகளை வகுப்பில் படித்தபோதுதான் அதன் ஆழம் தெரிந்தது. சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும், நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, தகுதியில் ஒத்த விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிடுகையில் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே இதழில் சுரிந்தர் ஜோட்கா, கேத்தரின் நியூமன் இருவரின் கட்டுரையும் வந்தது. பணிக்கு ஆள் எடுக்கும் மேலாளர்களை அவர்கள் சந்தித்துப் பேசியிருந்தார்கள். தகுதி ஒன்றையே பார்க்கிறோம் என்று சொன்ன மேலாளர்களே, ‘குடும்பப் பின்னணி’ முக்கியம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

இந்த முரண் நமக்குப் புதியதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைதோறும் பெருமையோடு பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், வாரியத்துக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறையை அது விரிக்கிறது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர் என்ற விதி அதில் உண்டு. எவ்வளவு உயர்ந்த விதி! ஆனால் வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவராக இருக்கவேண்டும் என்ற விதியும் அங்கேயே உண்டு. என்ன செய்தாய் என்று ஒரு வரி கேட்கிறது. என்ன வைத்திருக்கிறாய் என்று மறு வரி கேட்கிறது. திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்திலும் குடிப்பிறப்பு பேசப்படுகிறது. ஒருவரின் உயர்வையும் தாழ்வையும் உரைத்துப் பார்க்க அவர் செய்த செயலே கல் என்ற கருத்தும் பேசப்படுகிறது. நேர்காணல் மேசைக்கு அப்பால் இருப்பவர் எந்த வரியைக் கையில் எடுப்பார் என்பது நம் வசத்தில் இல்லை. எந்த வரிக்கு நாம் விடை தயாராக வைத்திருக்கிறோம் என்பது நம் வசத்தில் உள்ளது.

“பிசினஸ்னு சொல்லிடு கண்ணு. வெல்டர்னா ஒரு மாதிரி பாப்பாங்க” என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வெல்டராக இருக்கிறார் என்றே ஏழு இடங்களிலும் சொன்னேன். ஓரிடத்தில் அதற்குப்பின் கேள்விகள் சட்டென்று முடிந்தன; கடிதம் வரவே இல்லை. அதுதான் காரணம் என்று என்னால் உறுதியாகக் கூற இயலாது. ஏற்றுமதி நிறுவனத்திலோ, “அங்கே கூலி நாள் கணக்கா, வேலைக் கணக்கா?” என்று திருப்பிக் கேட்டார்கள். வேலைக் கணக்கு என்றும், வண்டி பட்டறையை விட்டு வெளியேறிய பிறகே பாக்கி கைக்கு வரும் என்றும், அதனால் மாதாமாதம் வீட்டு வரவு செலவை நான் எப்படி எழுதி வந்தேன் என்றும் சொன்னேன். அங்கிருந்து பேச்சு நேரே கணக்குப் புத்தகத்துக்குப் போய்விட்டது.

நேர்காணல்களைப் பற்றி ஷ்மிட், ஹண்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் எழுதினார்கள். மனம்போன போக்கில் நடக்கும் உரையாடலைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பிடும் நேர்காணலே ஒருவர் பின்னாளில் எப்படி வேலை செய்வார் என்பதை நன்கு காட்டுகிறது என்றார்கள். 2022இல் சாக்கெட் குழுவினர் மறுபடி கணக்கிட்டபோது எண்கள் குறைந்தாலும் இந்த முடிவு மாறவில்லை. நம் ஊர் நிறுவனங்களில் அத்தகைய ஒழுங்கு அரிது. எனவே அந்த ஒழுங்கை நாமே கொண்டுபோகவேண்டும். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் பள்ளி, ஊர், பொழுதுபோக்கு என்று அடுக்குவதை விட்டு, செய்த வேலைகளில் மூன்றைத் தயாராக வைத்திருங்கள். ஒவ்வொன்றிலும் என்ன சிக்கல், நான் என்ன செய்தேன், என்ன ஆயிற்று, அதைக் கண்டவர் யார் என்ற நான்கும் இருக்கட்டும். தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் தடுமாறிச் சொன்னாலும் உண்மை நிகழ்ச்சிக்குத் தனி வலிமை உண்டு.

பொருத்தம்

திருமணத்தில் பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் பொருத்தம் பார்ப்பார்கள். வேலையில் மட்டும் ஒரு தரப்பே பார்க்கவேண்டும் என்று நாம் ஏன் எண்ணுகிறோம்? எனக்கு முதலில் வேலை தருவதாகச் சொன்ன இடம் வேறொரு நிறுவனம். சம்பளம் சற்று அதிகம். ஆனால் பட்டச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியல்களையும் அசலாக இரண்டு ஆண்டு அவர்களிடமே விட்டுவைக்க வேண்டும் என்றார்கள். வீட்டில் மகளிர் குழுக் கடன் தவணை நின்றிருந்த நேரம். அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுப்படியில் முகம் திருப்பி நின்றார். நான் நகல் தருவதாகச் சொன்னேன், அவர்கள் ஒப்பவில்லை, திரும்பி வந்தேன். அடுத்த வேலை கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. அந்நான்கு மாதமும் எளிதாக இருந்தன என்று சொன்னால் பொய். ஆயினும் அசல் அவர்கள் பெட்டியில் இருந்திருந்தால் இன்று இந்த வகுப்பில் நான் அமர்ந்திருக்க முடியாது.

சேருமுன் சிலவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். சம்பளம் எத்தனையாம் தேதி வருகிறது? இதற்குமுன் இந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார்? வேலை முடியும் நேரம் காகிதத்தில் எது, நடைமுறையில் எது? மாலையில் எதிர்த் தேநீர்க் கடையில் அரை மணி நேரம் நின்றால் பாதி விடை கிடைத்துவிடும். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உட்குழு இருக்கவேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்வோருக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. நாற்காலி போட்டிருக்கிறார்களா, அதில் யாராவது உட்காருகிறார்களா என்பதை வாடிக்கையாளராகப் போயே பார்த்துவிடலாம்.

விட்டுச் செல்லும்போதும் முறையாகச் செல்லுங்கள். முதுகலையில் சேர முடிவு செய்ததும் ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்தேன். நிலுவைக் கணக்குகளை முடித்துப் புதியவரிடம் ஒப்படைத்தேன். மேலாளர் தந்த அனுபவச் சான்றிதழில், நான் கண்டுபிடித்த ஒரு பழைய கணக்குப் பிழையைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதியிருந்தார். அப்பா அதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு லெட்டர்பேடு கடிதம் இருந்த அதே கோப்பில், அதற்கு மேலாக வைத்தார்.

தோழர்களே, தோழியரே! நமக்குப் பின்னணி இல்லை என்று வருந்துவதில் பொருளுண்டு. அது நாம் கற்பனை செய்துகொண்ட தடையன்று. எனினும் நம் வேலையைக் கண்ட சாட்சிகளை நாமே ஈட்டிக்கொள்ள முடியும். முதலாண்டு மாணவர்கள் இன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். செய்த வேலை, தேதி, அதைக் கண்டவர் பெயர் என்று மூன்று கோடுகள் போட்டு எழுதி வாருங்கள். மூன்றாண்டு கழித்து, “உங்களைத் தெரிந்தவர் யார்?” என்று எவரேனும் கேட்கும்போது, அந்த நோட்டைப் புரட்டி விடை சொல்லலாம்.