வால்ட் ஏன் கையை இழுத்துக்கொண்டான்?

தொலைக்காட்சிக்கும் வெப் சீரிஸுக்கும் கதை பண்ணுகிற எங்களுக்கு டிஸ்கஷன்தான் அன்றாடப் பிழைப்பு. ஒன்லைன், சீன் ஆர்டர், எபிசோடை எங்கே முடிப்பது என்று எதைப் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, கிரைம் கதை என்று வந்துவிட்டால் யாராவது ஒருவர் ‘பிரேக்கிங் பேட்’ பேச்சை எடுத்துவிடுவார். அதன்பிறகு எங்கள் கதை ஓரமாகக் கிடக்கும். ஜேனை வால்ட் சாகவிட்டது கொலையா, ஸ்கைலர் அன்றைக்கே போலீஸுக்குப் போயிருக்க வேண்டாமா, அவ்வளவு உஷாரான ஆள் அந்தப் புத்தகத்தைப் போய் வீட்டில் வைத்திருப்பானா என்று அறை இரண்டாகப் பிரிந்துவிடும். 2008 ஜனவரியில் தொடங்கி 2013 செப்டம்பரில் முடிந்த தொடர் அது. 62 எபிசோடுகள். முடிந்து இத்தனை வருடங்கள் ஆன பிறகும், நேற்று ராத்திரி பார்த்தவர்களைப் போலத்தான் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையை வெட்டிப்பேச்சு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பாத்திரத்தை எப்படி முடிவெடுக்க வைப்பது என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, ரசிகர்கள் எதற்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்டதில் வந்தது.

கேட்டுக் கேட்டுப் பழகினால் ஒரு வித்தியாசம் பிடிபடும். “அவன் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது” என்பது ஒரு குரல். “அவன் அப்படிப் பண்ணவே மாட்டானே” என்பது இன்னொரு குரல். முதல் குரலில் பாத்திரத்தின் மேல் கோபம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் செய்த காரியத்தைப் பேசுவதுபோல் பேசுகிறார்கள் என்றால் அவனை உயிருள்ள ஆளாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. இரண்டாவது குரலில் எழுதியவன்மேல் கோபம். கதை நகரவேண்டும் என்பதற்காகப் பாத்திரத்தின் காதைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறாய் என்கிறார்கள். அது வந்தால் சீனைத் திரும்ப எடுத்து உட்காரத்தான் வேண்டும்.

முதல் குரலை எழுப்புவது எப்படி? தொடரைப் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. இடம் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி. பள்ளிக்கூட வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட்டுக்கு நுரையீரல் புற்றுநோய். தான் போனபிறகு குடும்பம் தவிக்கக்கூடாது என்று பழைய மாணவன் ஜெஸ்ஸியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு மெத் என்ற போதைப்பொருளைக் காய்ச்ச ஆரம்பிக்கிறான். அவனுடைய சகலை ஹேங்க் போதைத் தடுப்பு அதிகாரி. சாதுவான வாத்தியார் ஒருவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடியவனாக்கிக் காட்டப்போகிறேன் என்று சொல்லித்தான் வின்ஸ் கில்லிகன் இந்தக் கதையைக் கொண்டுபோனார்.

கதை பழக வருகிற பையன்களுக்கு நான் எப்போதும் போட்டுக்காட்டுவது முதல் சீசனின் மூன்றாவது எபிசோடு. கிரேஸி எய்ட் என்ற போதை வியாபாரியை ஜெஸ்ஸி வீட்டு நிலவறையில், சைக்கிள் பூட்டைக் கழுத்தில் மாட்டிக் கட்டிவைத்திருக்கிறார்கள். அவனைக் கொல்லும் வேலை வால்ட் தலையில் விழுந்திருக்கிறது. அவன் என்ன செய்கிறான்? பாத்ரூமில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறான். உயிரோடு விடுவதற்கான காரணங்கள் ஒரு பக்கம் நீளமாக இறங்குகின்றன. கொல்வதற்கான பக்கத்தில் ஒரே ஒரு காரணம்: விட்டால் இவன் உன் குடும்பம் மொத்தத்தையும் தீர்த்துவிடுவான். அப்புறம் அவனுக்கே சாண்ட்விச் செய்து, ரொட்டியின் ஓரத்தை அறுத்தெடுத்துக் கொண்டுபோகிறான். வழியில் இருமல் வந்து விழுகிறான், தட்டு உடைகிறது. பிறகு இருவரும் பியர் குடித்துப் பேசுகிறார்கள். கிரேஸி எய்ட்டின் அப்பா நடத்தும் ஃபர்னிச்சர் கடையில்தான் தன் மகனுக்குத் தொட்டில் வாங்கினோம் என்பது வால்ட்டுக்கு நினைவு வருகிறது. தனக்குப் புற்றுநோய் என்பதை வால்ட் முதன்முதலில் வாய்விட்டுச் சொல்வது மனைவியிடம் இல்லை, இவனிடம்.

விட்டுவிடலாம் என்று முடிவெடுத்து, சாவியை எடுக்க மேலே வருகிறான். காலி டின்களைக் குப்பையில் போடும்போது உடைந்த தட்டின் சில்லுகள் கண்ணில் படுகின்றன. ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் பொருத்திப் பார்க்கிறான். ஒரு சில்லைக் காணோம். கத்தி மாதிரி நீளமான சில்லு.

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, இனி வால்ட் என்ன செய்வான் என்று கேட்டால் பையன்கள் எல்லோருக்கும் பதில் தெரிகிறது. செய்யலாமா என்று கேட்டால்தான் சண்டை. அந்தச் சண்டைக்குத் தேவையான எல்லாவற்றையும் எழுதியவர்கள் முன்கூட்டியே போட்டுவிட்டார்கள். பட்டியலில் இருந்த காரணங்கள் நிஜமானவை, அந்தப் பியர் நிஜமானது, தொட்டில் நிஜமானது. விட்டுவிடுவதற்கான வழி உண்மையிலேயே திறந்திருந்தது, வால்ட் அதில் கால் வைத்தும்விட்டான். இன்னொரு வழியே இல்லாமல் ஒருவனை மூலையில் தள்ளிவிட்டுக் கொலை செய்ய வைத்தால் பார்ப்பவர் பரிதாபப்படுவார், விவாதிக்க மாட்டார். விவாதிக்க வேண்டுமென்றால் அவன் எடுக்காமல் விட்ட வழியும் அவருக்குக் கண்முன் தெரியவேண்டும்.

அடுத்த இரண்டாவது எபிசோடில் இதையே இன்னும் துணிச்சலாகச் செய்தார்கள். பழைய தொழில்கூட்டாளி எலியட்டும் அவன் மனைவி கிரெட்சனும் வைத்தியச் செலவு முழுவதையும் தாங்கள் ஏற்பதாகச் சொல்கிறார்கள். அதாவது கதையின் அடிப்படைச் சிக்கலே தீர்ந்துபோகும்படி ஒரு கை நீள்கிறது. வால்ட் மறுத்துவிட்டு மறுபடி ஜெஸ்ஸியைத் தேடிப் போகிறான். ‘குடும்பத்துக்காக’ என்ற வார்த்தையை அவன் இனி எத்தனை தடவை சொன்னாலும், இந்த மறுப்பு பின்னால் நின்றுகொண்டே இருக்கும். ஐந்தாவது எபிசோடிலேயே, நாயகனின் நியாயத்தை அவன் கையாலேயே கிழிக்க வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! எங்கள் அறைகளில், ஹீரோமேல் அனுதாபம் போய்விடும் என்று சொல்லி முதலில் வெட்டப்படுவது இந்த மாதிரி சீன்தான்.

இனி ஜேன். இரண்டாம் சீசனின் பன்னிரண்டாவது எபிசோடு, ‘ஃபீனிக்ஸ்’. ஜெஸ்ஸியின் காதலி ஜேன், அவன் பங்கான 4,80,000 டாலரைக் கேட்டு வால்ட்டை மிரட்டி வாங்கிவிட்டாள். அன்றிரவு ஜெஸ்ஸியிடம் பேசலாம் என்று வால்ட் போகிறான். இருவரும் ஹெராயின் போட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கிறார்கள். ஜெஸ்ஸியைப் பிடித்து உலுக்கி எழுப்பப் பார்க்கிறான். அந்த உலுக்கலில் ஜேன் புரண்டு மல்லாந்துவிடுகிறாள். வாந்தி வருகிறது, மூச்சடைக்கிறது. வால்ட் ஓடுகிறான், கை நீள்கிறது, நின்றுவிடுகிறது. பிறகு பார்த்துக்கொண்டே நிற்கிறான். அழுகிறான். கடைசியில் அந்த அழுகையும் முகத்திலிருந்து வடிந்துபோகிறது.

கில்லிகன் முதலில் யோசித்திருந்தது வேறு. வால்ட்டே இன்னொரு ஊசி ஹெராயினை அவளுக்கு ஏற்றுவதாக இருந்தது. அது கூடாது என்று சுற்றியிருந்தவர்கள் தயங்கியதில், சும்மா நிற்பது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இந்த மாற்றத்தை நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஊசி போட்டிருந்தால் அது கொலை, கேஸ் முடிந்தது. ரசிகர்கள் ஒருநாள் திட்டிவிட்டு ஓய்ந்திருப்பார்கள். கையை இழுத்துக்கொண்டதால்தான் கேள்விகள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைக்கின்றன. அவள் இருந்திருந்தால் ஜெஸ்ஸியும் போதையிலேயே செத்திருப்பான் என்கிறார் ஒருவர். மல்லாந்து விழ வைத்ததே அவன் கைதானே என்கிறார் மற்றவர். ஒருவர், அவன் அன்றைக்கு அங்கே போகாமல் இருந்தாலே அவள் பிழைத்திருப்பாள் என்று கணக்குப் போடுகிறார். அந்த ராத்திரி அங்கே போக வைத்தது யார் தெரியுமா? மதுக்கடையில் தற்செயலாகச் சந்தித்த ஒரு மனிதர். குடும்பத்தைக் கைவிடக்கூடாது என்று வால்ட்டுக்குப் புத்தி சொன்னவர். அவர் ஜேனின் அப்பா. யாரென்று இருவருக்குமே தெரியாது.

அதே எபிசோடில் வால்ட் தன் பச்சைக் குழந்தை ஹோலியைத் தொட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைப்பதை ஒரு நிமிஷம் காட்டியிருப்பார்கள், பால் கக்கினால் புரையேறக்கூடாதே என்று. முதல் தடவை பார்க்கும்போது அது ஒரு தகப்பனின் பாசம், அவ்வளவுதான். ஜேன் மல்லாந்ததும் அது வேறொன்றாகிவிடுகிறது. என்ன செய்யவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், சாயங்காலம்தான் செய்தான். ‘பதறிப்போய்விட்டான், என்ன செய்வதென்று தெரியவில்லை’ என்று வாதாடவே முடியாதபடி அந்த ஒரு நிமிஷம் வழியை அடைத்துவிட்டது. வசனம் இல்லாமல் இதைச் சாதித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமையாக இருக்கும். பிரையன் கிரான்ஸ்டன் தன் சுயசரிதையை இந்தக் காட்சியின் படப்பிடிப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். நடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணின் இடத்தில் தன் சொந்த மகளின் முகம் வந்து நின்றதாக எழுதியிருக்கிறார்.

வால்ட்டின் மனைவி ஸ்கைலர் விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கோபப்படுத்துகிற விவாதம் இது ஒன்றுதான். புருஷன் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடித்தவள், வீட்டைவிட்டுப் போ என்றவள், விவாகரத்து கேட்டவள். ரசிகர்கள் குற்றவாளியை விட்டுவிட்டு அவளை வெறுத்தார்கள். அந்த வேடத்தில் நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதவேண்டியிருந்தது. பாத்திரத்தின் மேலிருந்த வெறுப்பு, தன்னைக் கொல்லவேண்டும் என்று ஒருவர் எழுதுகிற அளவுக்குத் தன்மேலேயே திரும்பியதை அதில் சொல்லியிருந்தார். எதிர்த்துப் பேசுகிற மனைவியைச் சகிக்காத மனசு இதில் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. கூடவே எங்கள் தொழில் சார்ந்த காரணமும் ஒன்று இருக்கிறது. கேமரா வால்ட் தோளில் உட்கார்ந்திருக்கிறது. அவன் திட்டத்தை நாம் முதலிலேயே தெரிந்துகொள்கிறோம், அது பலிக்குமா என்று அவனோடு சேர்ந்து தவிக்கிறோம். அந்த நேரத்தில் குறுக்கே வருகிற எவரும் தடைக்கல்தான், நியாயம் அவர் பக்கமே இருந்தாலும். யாருடைய கண்வழியாகக் கதை சொல்கிறோம் என்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று இதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

‘அவள் ஏன் போலீஸுக்குப் போகவில்லை’ என்று கேட்பவர்களுக்கு ஐந்தாம் சீசனில், 2012இல் வந்த ‘ஃபிஃப்டி ஒன்’ எபிசோடைப் பார்க்கச் சொல்வேன். படுக்கையறையில் புருஷனும் மனைவியும் மட்டும். பிள்ளைகளை இந்த வீட்டிலிருந்து தள்ளி வைக்க அவள் ஒரு வழி சொல்கிறாள், அதை அவன் உடைக்கிறான். இன்னொன்று சொல்கிறாள், அதையும் உடைக்கிறான். அடுத்து என்ன செய்வாய் என்று நெருங்கி நெருங்கி வருகிறான். சதுரங்கத்தில் காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்படுவதுபோல அவளிடம் இருந்ததெல்லாம் போகிறது. கடைசியில் உண்மையைச் சொல்கிறாள்: உன் புற்றுநோய் திரும்பி வருவதற்காகக் காத்திருக்கிறேன். காத்திருப்பதும் ஒரு முடிவுதான் என்பதை இதைவிடத் தெளிவாக எழுதிக்காட்டிய சீன் எனக்குத் தெரியாது. ரசிகர்கள் கேட்கக்கூடிய ‘ஏன் இதைச் செய்யவில்லை, ஏன் அதைச் செய்யவில்லை’ எல்லாவற்றையும் எழுதியவர்கள் வால்ட் வாயால் கேட்கவைத்துவிட்டார்கள்.

புத்தகச் சண்டையைச் சுருக்கமாக முடிக்கலாம், ஏனென்றால் அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வால்ட்டோடு சேர்ந்து மெத் காய்ச்சிய கேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விட்மன் கவிதைத் தொகுப்பை வால்ட் பாத்ரூமில் வைத்திருக்க, ஹேங்க் அதைப் புரட்டி எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறான். இவ்வளவு கெட்டிக்காரன் இப்படி மாட்டுவானா, இது எழுத்தாளர்களின் வசதிக்கு வைத்தது என்பது குற்றச்சாட்டு. நான்காம் சீசனின் சாப்பாட்டு மேஜையை நினைத்துப் பாருங்கள். கேல்தான் அந்த மேதை என்று ஹேங்க் கேஸையே மூடப்போகிறான். வால்ட் வாயை மூடிக்கொண்டு ஒயினைக் குடித்திருந்தால் போதும். ஆனால் இன்னொருவன் மேதை என்று பேர் வாங்குவது அவனுக்குப் பொறுக்கவில்லை. அவன் மேதையே இல்லை என்று சொல்லிக் கேஸைத் திறந்துவிட்டுவிடுகிறான். தன்னைப் புகழ்ந்து எழுதிக் கொடுத்த புத்தகத்தை அப்படிப்பட்டவன் எரிப்பானா?

இன்றுவரை தீராதது ‘ஓஸிமாண்டியாஸ்’ எபிசோடின் போன் சீன்தான். மாய்ரா வாலி பெக்கெட் எழுதியது, ரியான் ஜான்ஸன் இயக்கியது, 2013 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பானது. ஹேங்க் செத்துவிட்டான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய வால்ட், வீட்டுக்கு போன் போட்டு ஸ்கைலரைக் கண்டபடி திட்டுகிறான். எதிர்முனையில் போலீஸ் கேட்டுக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். எல்லாப் பழியையும் தன்மேல் போட்டுக்கொண்டு அவளை நிரபராதியாக்க ஆடும் நாடகம் அது என்பது ஒரு கட்சி. அழுதுகொண்டே திட்டுகிறான் என்பது அவர்களுடைய சாட்சி. அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன, இத்தனை வருஷம் உள்ளே ஊறியதுதானே வெளியே வருகிறது என்பது இன்னொரு கட்சி.

என்னோடு பல வருஷமாக எழுதும் தோழி முதல் கட்சி. பாதி போனிலேயே ஸ்கைலருக்குப் புரிந்துவிடுகிறது, அவள் குரல் மாறுவதே போதும், அது அவன் அவளுக்குக் கொடுத்த கடைசிப் பரிசு என்பாள். நான் இரண்டாவது கட்சி. நாடகம் ஆடுகிறவனுக்கும் வசனம் வேண்டும். ஒரு பாத்திரத்துக்கு வசனம் எழுதும்போது அவனுக்குள் இல்லாததை அவன் வாயில் வைக்க முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அவளைக் காப்பாற்றுகிற பொய்யைச் சொல்ல அவனுக்குக் கிடைத்த சொற்கள், அவளைப் பற்றி ரசிகர்கள் ஐந்து சீசனாகச் சொன்ன அதே சொற்கள். போனவாரம்கூட இதில் எங்களுக்குள் தகராறு. அவள் அந்த சீனை லேப்டாப்பில் போட்டு, இந்த இடத்தைப் பார், இந்த அழுகையைப் பார் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். நான் பார்த்தேன். அழுகையும் நிஜம்தான் என்றேன். அதைத்தானே நானும் சொல்கிறேன் என்றாள்.