வளைவைப் பழகிய கை

இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது என் தோளில் ஒரு நீளப் பை தொங்கியது. கோட்டையூர் பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் ஒருவர், "தூண்டிலா தம்பி?" என்று கேட்டார். சித்தப்பா எதுவும் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார வைத்து, "தொற அப்பு, பாப்போம்" என்றார்.

உள்ளே இரண்டு கம்புகள் இருந்தன. சரியாகச் சொன்னால் பூல் விளையாடும் க்யூவின் முன்பாதிகள், ஷாஃப்ட் என்பார்கள். ஒன்று மேப்பிள் மரம், பன்னிரண்டு வருடம் என் கையில் இருந்தது. மற்றது கார்பன் ஃபைபர், கறுப்பு, வாங்கி ஒன்பது மாதம். சித்தப்பா தச்சர். நாற்பது வருடத்துக்கு மேலாகச் செட்டிநாட்டு வீடுகளின் நிலைகளையும் கதவுகளையும் பழுது பார்ப்பவர். கறுப்பை எடுத்து ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து அடிவரை நோட்டம் பார்த்தார். நகத்தால் சுண்டினார்.

"மரமில்லையே. கொழாய்ல இது."

"ஆமா சித்தப்பா. உள்ள வெறும் கூடு."

"கோடு போட்ட மாதிரி இருக்கு. வளையாதா?"

"வளையாது. ஈரம் குடிக்காது."

மேப்பிளை எடுத்தார். பார்த்த உடனே, "இது நடுவுல தொங்கிருச்சு" என்றார். மேசையில் உருட்டினால் லேசாகத் துள்ளும். அவர் உருட்டாமலே சொன்னார்.

நான் மலேசியாவில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அங்கே அறைத்தோழராக இருந்த அண்ணன் ஒருவர்தான் எனக்கு பூல் பழக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு போக்கிடம் இல்லாத எங்களுக்கு அந்த ஒன்பதடி மேசைதான் ஊர்ப் பொட்டல். அவருக்கு வெள்ளைப் பந்தை நடுவில் அடிப்பது பிடிக்காது. எல்லாவற்றுக்கும் 'சைடு' வேண்டும். வலப்பக்கம் தட்டினால் பந்து சுழன்று, குஷனில் பட்டுத் திரும்பி, அடுத்த பந்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அந்த அழகுக்காகத்தான் நானும் கற்றேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளைப் பந்தை வலப்பக்கம் அடித்தால் அது கம்பு காட்டிய திசையில் போவதில்லை, கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கிப் போகும். டிப் பந்தைத் தொடுவது ஏறக்குறைய ஒரு மில்லி வினாடிதான். அதற்குள் சுழலத் தொடங்கும் பந்து கம்பின் நுனியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, நுனியும் பந்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. நுனி கனமாக இருந்தால் தள்ளலும் அதிகம். கம்பு முழுவதின் எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நுனியிலிருந்து ஒரு சாண் நீளத்தின் எடைதான் கணக்கு. மேப்பிள் கெட்டி மரம். கார்பன் கூடு என்பதால் நுனி இலேசு, ஒதுக்கம் குறைவு. மரத்திலேயே நுனியைத் துளைத்து எடை குறைக்கும் வேலையை 1990-களில் தொடங்கினார்கள். 2016-ல் பிரிடேட்டர் நிறுவனத்தின் ரேவோ வந்தபிறகு கறுப்புக் கம்பு பெரிய போட்டிகளில் சாதாரணமாகிவிட்டது. 2022-ல் உலக நைன்-பால் பட்டம் வென்ற ஷேன் வான் போயனிங்கும் கார்பன் ஷாஃப்ட் பிடிப்பவர்தான்.

என் ஆட்டம் கீழே போய்க்கொண்டிருந்தது. வாராந்திரப் போட்டியில் என்னைவிட இருபது வயது குறைந்த பையன்கள் கறுப்புக் கம்போடு வந்து அடித்துவிட்டுப் போனார்கள். நாற்பத்து மூன்று வயதில் தோற்பவனுக்குக் குற்றம் சொல்ல ஏதாவது வேண்டும். நான் மரத்தைச் சொன்னேன். அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து இதை வாங்கினேன்.

அடுத்த நான்கு மாதம் ஒரு பந்தும் உருப்படியாக விழவில்லை.

காரணம் புரிய நாளாயிற்று. அண்ணன் சொல்லிக்கொடுத்த முறை இது: முதலில் நடுப்பந்துக்குக் குறி வை, மேசையில் ஊன்றிய இடக்கையை அசைக்காதே, பின்னால் பிடித்திருக்கும் வலக்கையை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தி சைடு கொடு. கம்பு சற்றுச் சாய்கிறது. அந்தச் சாய்வும் மரத்தின் ஒதுக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடும், பந்து குறிவைத்த இடத்துக்கே போகும். சாதாரண மேப்பிளில், ஊன்றிய கைக்கும் பந்துக்கும் நாம் வழக்கமாக விடும் இடைவெளியில் இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். கார்பனில் ஒதுக்கம் குறைவு. அதே அளவு சாய்த்தால் சாய்வு மட்டும் மிஞ்சும். அதற்கு இடைவெளியைக் கூட்ட வேண்டும், அல்லது கம்பை அப்படியே இணையாக நகர்த்தி அடிக்க வேண்டும். என் கைக்கு இரண்டும் தெரியாது. பன்னிரண்டு வருடமாக என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, ஒரு குறிப்பிட்ட மரத்தின் பிழையை மனப்பாடம் செய்ததுதான்.

யாருக்கு எது பொருந்தும் என்று இப்போது பையன்கள் கேட்டால் இப்படிச் சொல்கிறேன். நீளமான அடி, வேகம், நிறைய சைடு என்று ஆடுபவனுக்குக் கார்பன் நிஜமாகவே உதவும், ஏனென்றால் தூரம் கூடக்கூட ஒதுங்கலின் பிழை பெருகும். வெள்ளைப் பந்தை நடுவிலேயே அடித்து, ஸ்க்ரூவும் ஃபாலோவும் வைத்து ஆடுபவனுக்குப் பெரிய வித்தியாசமில்லை, நடுவில் அடித்தால் எந்தக் கம்பும் ஒதுக்காது. பந்துகளுக்கு இடையில் மெதுவாக உருட்டி எய்ட்-பால் ஆடுபவனுக்கு மரமே போதும். மெதுவான அடியில் பந்து சுழற்சியால் வளைந்து பாதைக்குத் திரும்பி வரும், அது ஒதுக்கத்தைக் கொஞ்சம் ஈடுகட்டும். கார்பன் அதிகச் சுழற்சி தரும் என்பது கடைக்காரர் பேச்சு. நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறோம் என்பதுதான் சுழற்சி. புதிதாகத் தொடங்குபவன் எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். கஷ்டம் நடுவில் மாறுபவனுக்குத்தான்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் திண்ணையிலேயே விளக்கினேன், ஒரு புளிப்பெட்டியை மேசையாகவும் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பந்தாகவும் வைத்து. கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்று கேட்டார்.

"அப்ப நீ பன்னெண்டு வருசம் கத்துக்கிட்டது என்னாகும்?"

எனக்குப் பதில் வரவில்லை. கேள்வி எனக்கானது மட்டுமில்லை என்றும் தெரிந்தது. சித்தப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு எந்தப் பக்கம் முறுக்கும், ஆனி வெயிலில் எவ்வளவு சுருங்கும், ஐப்பசி மழையில் எவ்வளவு ஊதும் என்று அவர் கைக்குத் தெரியும். கதவுக்கும் நிலைக்கும் அவர் விடும் இடைவெளியை எந்த அளவுகோலும் சொல்லாது. ஆனால் இப்போது கோட்டையூரில் எழும் புது வீடுகளுக்குக் கதவு லாரியில் வருகிறது. சுருங்காது, ஊதாது, கரையான் தின்னாது. பழைய வீடு பிரியும்போதுதான் அவரைக் கூப்பிடுகிறார்கள், தூண் உடையாமல் கழற்றித் தர. அவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. போன வருடம் அவர் வலக்கை நடுங்க ஆரம்பித்தது. தம்பி, "உளியெல்லாம் எதுக்குப்பா, வித்துரலாம்" என்று சொல்லியிருக்கிறான். சித்தி என்னிடம் தொலைபேசியில் சொன்னாள். அவர் சொல்லவில்லை.

மறுநாள் அவரைக் காரைக்குடிக்கு அழைத்துப் போனேன். ஒரு மாடி அறையில் பூல் மேசை ஒன்று உண்டு. வேண்டுமென்றே என் கம்புகளை எடுத்துப் போகவில்லை. சுவரில் சாத்தியிருந்தவற்றில் சித்தப்பாவே நோட்டம் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். "எல்லாம் கோணல். இது ஒரே பக்கமாக் கோணல்." முதல் பந்து தவறியது. இரண்டாவதும். மூன்றாவதற்கு யோசிக்காமல் பின்கையை நகர்த்தி, வலப்பக்கம் சைடு வைத்து, மேசையின் முழு நீளத்துக்கும் அடித்தேன். விழுந்தது. நான்காவது மறுபடி தவறியது.

ஆட்டம் முடிந்து படி இறங்கும்போது, "மறக்கல போல" என்றார். "ஆனா சித்தப்பா, கறுப்புக் கம்புல அது உதவாது" என்றேன். "உதவாதுதான்" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "மொத மொத தப்பினது ஏன்னு நாலு மாசத்துல கண்டுபிடிச்சல்ல. புதுசா வர்ற பயலுக்கு அது தெரியுமா?" என்றார். தெரியாது. நேராகப் போகும் கம்பில் தொடங்கியவனுக்கு, பந்து ஏன் ஒதுங்குகிறது என்று கேட்கவே தோன்றாது. அந்த அறிவால் பந்து விழாது. ஆனாலும் எனக்கு அது வேண்டியிருக்கிறது.

ஊர் கிளம்பும் நாளில் மேப்பிளை நிமிர்த்தித் தர முடியுமா என்று கேட்டேன். "நிமிந்த மாதிரி தெரியும், அடுத்த மழைக்குத் திரும்பிரும்" என்றார். பிறகு அவரே, "செவத்துல சாச்சு வச்சிருப்ப. சாச்சா வளையத்தான் செய்யும்" என்று அதை வாங்கி, நூல் கட்டி, கொட்டடியில் மூலைமட்டத்துக்குப் பக்கத்து ஆணியில் நெட்டுக்குத்தாகத் தொங்கவிட்டார். முடிச்சுப் போட அவருக்கு நேரமானது. நான் கை நீட்டவில்லை.

கீழே பலகையில் உளிகள் எண்ணெய் பூசி வரிசையாக இருந்தன. ஒன்றும் விற்றிருக்கவில்லை.