மண்முனைத்துறைக்கு ஒரு முகவரி

"தங்கச்சி, சேர்வர் ஓடுதா?"

ருமேனியாவில் இருந்து அண்ணா வட்ஸ்அப்பில் இதைக் கேட்டபோது இங்கே இரவு பதினொன்றரை. சேர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்கட வீட்டு அலுமாரிக்குப் பக்கத்தில், திரை உடைந்த ஒரு பழைய லப்டொப்பில். அதே வீட்டுக்குள் இருந்த தம்பி உள்ளே போய் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். அண்ணாவுக்கு மட்டும் திறக்கவில்லை. "நேரம் முடிஞ்சுது, தொடர்பு இல்லை" என்ற அர்த்தத்தில் ஒரே ஒரு வரி அவருக்கு வந்துகொண்டிருந்தது.

நான் கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறவள். கம்பியூட்டர் படிக்கிறவள் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வரியை அழிப்பதற்காக மூன்று மாதம் மெனக்கெட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டும் என்றால் முதலில் அந்த உலகத்தைப் பற்றிச் சொல்ல வேணும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அண்ணாவும் நானும் மைன்கிராஃப்டில் ஓர் உலகத்தைத் தொடங்கினோம். கொஞ்ச நாள் எல்லாரையும் போலக் கோட்டை, சுரங்கம் என்று கட்டினோம். மறுகா அண்ணாதான் கேட்டார், "நம்மட ஊரையே கட்டுவமா?" என்று.

எங்கட ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருப்பது படுவான்கரை, கிழக்கே கடலோரமாக இருப்பது எழுவான்கரை. சூரியன் படுகிற கரை, எழுகிற கரை. இரண்டையும் இணைக்கிற மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முன்னர் மண்முனைத்துறையில் 'பாதை' ஓடியது. வெளியூர் ஆட்களுக்கு விளங்காது, எங்களுக்குப் பாதை என்றால் ரோட்டு இல்லை. ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தண்ணியைக் கடக்கிற தட்டையான மிதவை. அண்ணா அதில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தவர்.

அதனால் எங்கட மைன்கிராஃப்ட் ஊரில் பாலம் இல்லை. பாதை மட்டும்தான். துறை, துறையடிக் கடை, ஒழுங்கை, ஒழுங்கையின் கடைசியில் அம்மம்மாட வீடு.

2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். பாசிக்குடாவில் அண்ணா பார்த்த ஹோட்டல் வேலையும் போய்விட்டது. அந்த வருடக் கடைசியில் அம்மம்மாட வளவை ஈடு வைத்துத்தான் அவர் வெளிநாடு போனார். வளவு இப்போது வேறு ஆளின் கையில். வீட்டுக் கூரையையும் கழற்றியாச்சு. கூரையோடு அந்த வீடு மிச்சம் இருப்பது அந்த லப்டொப்பில் மட்டும்தான். அண்ணா கேட்டது அந்த வீட்டுக்கு வருகிற வழியை.

மாதம் சில டொலர் கட்டினால் வெளிநாட்டில் வாடகைக்குச் சேர்வர் எடுக்கலாம். "நான் கட்டுறன்" என்று அண்ணா சொன்னார். அவர் அனுப்புகிற காசு ஈட்டு வட்டிக்குப் போகிற நேரத்தில் விளையாட்டுக்கு மாதக்காசு கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டு லப்டொப்பையே வெளியில் தெரிய வைப்போம் என்று இறங்கினேன்.

யூடியூப்பில் எல்லாரும் ஒரே மருந்துதான் சொன்னார்கள்: போர்ட் ஃபோர்வர்டிங். ரவுட்டரின் பக்கத்துக்குள் போய், வெளியிலிருந்து 25565 என்ற எண்ணைக் கேட்டு வருகிற எதையும் இந்த லப்டொப்புக்கு அனுப்பு என்று எழுதி வைப்பது. 25565தான் மைன்கிராஃப்ட் ஜாவா சேர்வரின் வழமையான கதவு எண். எழுதினேன். வேலை செய்யவில்லை. ஃபயர்வோலைப் பார்த்தேன், ரவுட்டரை ரீசெட் பண்ணினேன், திரும்ப எழுதினேன். மூன்று இரவு போனது. "ஏன் புள்ள இன்னும் படுக்கல்ல?" என்று அம்மா மூன்று இரவும் கேட்டார்.

நாலாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். ரவுட்டர் தனக்கு வெளியில் இருக்கிற ஐபி என்று காட்டிய எண் 10இல் தொடங்கியது. ஐபி பார்க்கிற இணையத்தளம் எனக்குக் காட்டிய எண் வேறு. விசயம் முழுக்க அந்த வித்தியாசத்தில்தான் இருந்தது.

கம்பஸ் விடுதியை நினைத்துப் பாருங்கள். விடுதிக்கு ஒரு முகவரிதான். அறைகளுக்குத் தனி முகவரி இல்லை. நீங்கள் கடிதம் போட்டால், யார் போட்டது என்று வார்டன் ஒரு கொப்பியில் குறித்து வைப்பார். பதில் வந்தால் கொப்பியைப் பார்த்து உங்கட அறைக்கு அனுப்புவார். ஆனால் நீங்கள் எழுதாத ஒருவர் முதல் தடவையாக விடுதி முகவரிக்கு எழுதினால்? கொப்பியில் ஒன்றும் இல்லை. கடிதம் குப்பைக்குள் போகும். வீட்டு ரவுட்டர் செய்வது இந்த வார்டன் வேலையைத்தான். போர்ட் ஃபோர்வர்டிங் என்பது "முன்பின் தெரியாத கடிதம் வந்தாலும் இந்த அறைக்குக் குடுங்க" என்று வார்டனிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது.

எங்கட வீட்டில் பிரச்சினை என்னவென்றால், எங்கட வார்டனுக்கு மேலே இன்னொரு பெரிய வார்டன் இருந்தார். 4ஜி கம்பெனி எங்களுக்கென்று ஒரு பொது முகவரி தரவில்லை. எங்களைப் போல எத்தனையோ வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருந்தது. இதற்கு சிஜிநாட் என்று பேர். என்ட ரவுட்டரில் நான் எதை எழுதினாலும் அந்தப் பெரிய வார்டனுக்குத் தெரியாது.

கோபம் வந்தது. வாசிக்க வாசிக்கத்தான் அது ஒரு கம்பெனியின் கஞ்சத்தனம் மட்டும் இல்லை என்று விளங்கியது. பழைய ஐபி முறையில் இருப்பதே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகத்தில் 800 கோடி பேர். 2011 பெப்ரவரியில் உலகத்தின் பொதுக் கையிருப்பு முடிந்தது. அதே வருடம் ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதிக்கான பங்கும் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. முந்தி வந்த நாடுகள், கம்பெனிகள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் அள்ளி எடுத்து வைத்திருந்தன. பிந்தி வந்த நாங்கள் ஒன்றைப் பங்கு போடுகிறோம். பாலம் கடைசியாக வந்த கரைக்கு முகவரியும் கடைசியாகத்தான் வருகிறது போல. ஐபிவி6 என்ற புதிய முறையில் எல்லா வீட்டுக்கும் கொடுத்து முடியாத அளவு முகவரி இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் அது இருந்தால்தான் பயன்.

கல்லடியில் இருக்கிற என்ட பட்ச் தோழி வீட்டில் பைபர் இணைப்பு. அவள் வீட்டு ரவுட்டர் காட்டிய எண்ணும் வெளியில் தெரிந்த எண்ணும் ஒன்றுதான். உலகத்தைப் பென்டிரைவில் கொண்டு போய் அவள் கணினியில் போட்டு, போர்ட்டைத் திறந்தோம். பத்து நிமிசத்தில் அண்ணா உள்ளே நின்றார். துறையடியில் நின்று குதித்துக்கொண்டே இருந்தார். எங்களுக்கும் அந்த அறைக்குள் குதிக்கத்தான் வேணும் போல இருந்தது.

நாலாம் நாள் காலையில் பாதை இல்லை. அம்மம்மாட வீட்டுக் கூரையும் இல்லை. யாரோ வெடி வைத்திருந்தார்கள்.

யார் என்று எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் எங்களைத் தெரியாது. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆட்கள் ஸீமேப் என்று ஒரு கருவி செய்தார்கள். நல்ல வேகமான ஓர் இணைப்பிலிருந்து முழு ஐபிவி4 உலகத்தையும் 45 நிமிசத்துக்குள் ஒரு தடவை தட்டிப் பார்க்கும். இப்போது அப்படித் தட்டித் தட்டி மைன்கிராஃப்ட் சேர்வர் தேடுகிறதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பிழை எங்களிலும் இருந்தது. எல்லாருக்கும் கணக்கு வாங்கக் காசில்லாமல் ஓஃப்லைன் மோடில் வைத்திருந்தோம். அந்த மோடில் பேரைச் சரிபார்க்க மாட்டாது. வைட்லிஸ்ட் போட்டாலும், எங்கட பேரைச் சொல்லிக்கொண்டு வேறு ஆள் உள்ளே வரலாம்.

பென்டிரைவில் இருந்த பழைய பிரதியை எடுத்தோம். கடைசியாகக் கட்டின சில நாள் வேலை மட்டும் போனது. என்றாலும் ஏற்கெனவே ஒருதரம் கழற்றின கூரை அது. அண்ணாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படுவான்கரையில் கதவே இல்லை. எழுவான்கரையில் கதவைத் திறந்தால் ஊரே உள்ளே வருகிறது. எனக்கு வேண்டியது ஓர் ஆளுக்கு மட்டும் திறக்கிற கதவு.

கடைசியில் டெயில்ஸ்கேல் போட்டேன். இதைப் போல ஸீரோடியர் என்றும் ஒன்று இருக்கிறது. இரண்டிலும் எங்களைப் போல ஒரு சில ஆட்களுக்குக் காசு இல்லை. என்ட லப்டொப்பிலும் அண்ணாட லப்டொப்பிலும் போட்டு, ஒரே வலைக்குள் சேர்த்தால், இரண்டுக்கும் அந்த வலைக்குள் மட்டும் செல்லுபடியாகிற ஒரு முகவரி கிடைக்கும். போர்ட் திறக்கத் தேவையில்லை. வெளியில் இருந்து தட்டுகிறவனுக்கு அங்கே ஒரு சேர்வர் இருப்பதே தெரியாது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு ஆகப் பிடித்தது. நான் இங்கிருந்து அண்ணாவுக்கு எழுதுகிறேன். அதே நேரம் அண்ணா அங்கிருந்து எனக்கு எழுதுகிறார். என்ட வார்டனின் கொப்பியில் அண்ணாட பேர் ஏறிவிட்டது, அவருடைய வார்டனின் கொப்பியில் என்ட பேர். ஆகவே வருவது புதுக் கடிதம் இல்லை, பதில் என்று இரண்டு வார்டன்களும் நினைத்து விட்டுவிடுகிறார்கள். யாரும் கதவு திறக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெளியே வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

சில வார்டன்மார் ஏமாற மாட்டார்கள். எங்கட 4ஜியும் அநேகமான நாட்களில் அப்படித்தான். அப்போது நடுவில் இருக்கிற ஒரு சேர்வர் இரண்டு பக்கத்துப் பொதியையும் ஏற்றி இறக்கும். அது எங்கட பாதை மாதிரி. பாலத்தைவிட மெதுவானது, ஆனால் கரை சேர்க்கும்.

நீங்களும் செய்யப் போகிறீர்கள் என்றால்: முதலில் ரவுட்டரின் எண்ணையும் வெளியில் தெரிகிற எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஒன்றில்லை என்றால் போர்ட் ஃபோர்வர்டிங்கில் இரவுகளைச் செலவழிக்க வேண்டாம். சேர்வரைப் புதிய பதிப்பில் வைத்திருங்கள். 2021 டிசம்பரில் லொக்4ஜே ஓட்டை வெளியில் வந்தபோது, சட்டில் ஒரு வரி எழுதியே பழைய மைன்கிராஃப்ட் சேர்வர்களைப் பிடிக்க முடிந்தது. ஒவ்வொரு கிழமையும் பிரதி எடுங்கள். பிரதியை அதே லப்டொப்பில் வைக்காதீர்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு அண்ணா வந்தார். ஆள் கொஞ்சம் தடக்கித் தடக்கித்தான் நடந்தார். பாதையைத் திரும்பக் கட்டி வைத்திருந்தேன். அவர் அதில் ஏறி நின்றார். எனக்குப் பின்னால் கட்டிலில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"இது மண்முனைத்துறையா புள்ள?"

"ஓம்மா."

"அந்தக் கடை இந்தப் பக்கமில்ல. இறங்கினதும் இடக்கைப் பக்கம்."

அண்ணாவுக்குப் போனில் அது கேட்டது. ஒன்றும் சொல்லாமல் கடையைக் கல் கல்லாகக் கழற்றி மற்றப் பக்கம் வைக்கத் தொடங்கினார். அம்மா கட்டிலை விட்டு இறங்கி வந்து பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். விடிய வேலை என்று அண்ணா போகும்வரைக்கும் இரண்டு பேரும் அந்தக் கடையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

லப்டொப்பை நான் நிப்பாட்டவில்லை. கரண்ட் பில்லைப் பற்றி அப்பா இடைக்கிடை கதைக்கிறார். அம்மா பதில் சொல்லிக்கொள்கிறார்.